சம்பந்தியின் காலடிச் சத்தம்

சங்கராபுரம் வட்டம், மலையடிவாரம்
10 பிப்ரவரி 2025

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வீரமணி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதலாம்தான். ஆனால் உங்கள் உடம்பு தேறிவிட்டதா என்று தெரிந்துகொள்ளாமல் அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை.

நீங்கள் போனை எடுப்பதில்லை. எங்கள் ஊரில் டவர் கிடைக்க வேண்டுமென்றால் மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏற வேண்டும். தினமும் ஏறி அடித்துப் பார்க்கிறேன். கீழே நின்றுகொண்டு குஞ்சம்மாள், "இன்னாங்க, எடுத்தாங்களா?" என்று கேட்கிறாள். இறங்கி வந்து இல்லை என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் கடிதம். தபால்காரர் கொண்டுவந்து கையில் கொடுத்தால் நீங்கள் பிரிக்காமல் இருக்க மாட்டீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

குடியரசு தினத்தன்று கள்ளக்குறிச்சியில் நாம் ஓடிய பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் நீங்கள் பாதி வழிக்கு மேல் போய் மயங்கி உட்கார்ந்தீர்கள். நான் தூக்கிக்கொண்டு போய் ஆம்புலன்சில் ஏற்றினேன். அதில் என்ன தப்பு நடந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கண் விழித்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே, "மருமவளுக்குப் பிரசவம் எங்க வூட்லயே பாத்துக்குவோம். வளைகாப்பு முடிஞ்சி கூட்டிக்கினு போறேன்னு யாரும் வர வேணாம்" என்று சொல்லிவிட்டீர்கள்.

மணிமொழி எங்களுக்கு ஒரே பெண். தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வருவாள் என்று குஞ்சம்மாள் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருந்தாள். இப்போது அந்த ஆள் வழியில் பார்த்தால் எப்போது வரட்டும் என்று கேட்கிறான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன்.

தப்பு என்னுடையது என்றால் என்ன தப்பு என்று சொல்லிவிடுங்கள். சம்பந்தி அம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் வணக்கம் சொல்லவும்.

அன்புள்ள,
வீரமணி

மணலூர்பேட்டை
18 பிப்ரவரி 2025

சம்பந்திக்கு,

கடிதம் வந்தது. பிரித்தேன். நான் போனை எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. கொஞ்ச நாள் கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உங்களோடு பேசினால் கத்துவேன். பேனா பிடித்துக் கத்த முடியாது என்பதால் எழுதுகிறேன்.

என்ன தப்பு என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

நான் ஓடத் தொடங்கியது ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். அறுபத்து மூன்று வயதிலும் தினமும் காலையில் பெண்ணையாற்றங்கரையில் ஓடுகிறவன் நான். தனியாக ஓடினால் பத்து கிலோமீட்டரை அலுங்காமல் குலுங்காமல் முடிப்பேன். மூச்சு எங்கே வாங்கும், எங்கே விட்டுப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் அப்படித்தான் கிளம்பினேன். விசில் ஊதியதும் காலேஜ் பையன்கள் கன்றுக்குட்டி போலப் பாய்ந்தார்கள். நான் பாயவில்லை. போகட்டும், நாலு கிலோமீட்டரில் நாக்குத் தள்ளும் என்று சிரித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம். தப், தப், தப். திரும்பிப் பார்த்தால் நீங்கள். சரி, தாண்டிப் போவீர்கள் என்று ஓரம் கொடுத்தேன். நீங்களும் ஓரத்துக்கு வந்தீர்கள். மெதுவாக ஓடினேன், சத்தமும் மெதுவானது. வேகம் பிடித்தேன், அதுவும் பிடித்தது. தண்ணீர் வைத்திருந்த மேசைப் பக்கம் ஒதுங்கினேன். நீங்கள் ஒரு டம்ளர்கூட எடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு என் பின்னால் நின்றீர்கள். நான் குடித்தால் இவன் களைத்துவிட்டான் என்று நினைப்பீர்கள் என்று நானும் குடிக்காமல் கிளம்பினேன்.

நீங்கள் என்னைவிட ஏழு வயது சின்னவர். மலை ரோட்டில் ஏறி இறங்கிப் பழகிய கால். நினைத்திருந்தால் முதல் வளைவிலேயே என்னைத் தாண்டியிருக்கலாம். ஆனால் தாண்டவில்லை. கடைசி வரை என்னை நுரை தள்ள ஓடவிட்டு, ஓட்டம் முடிகிற பந்தல் தெரியும் இடத்தில் முந்திப் போய், ஜனங்கள் முன்னால் கை தூக்க வேண்டும் என்று திட்டம். பூனை எலியை விட்டுப் பிடிப்பது போல. அந்த எண்ணம் வந்த பிறகு என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. விழுந்து கிடக்கிற வரைக்கும் ஓடினேன்.

இத்தோடு விட்டீர்களா? ஆம்புலன்சுக்கு முன்னால் அத்தனை பேர் கூடியிருக்க, "சம்பந்திக்கு வயசாயிடுச்சிப்பா" என்று உரக்கச் சொன்னீர்கள். அரை மயக்கத்திலும் என் காதில் விழுந்தது. எனக்கு மட்டுமா விழுந்தது? போன வாரம் எங்கள் கரும்பு வெட்டுக்கு வந்த முனியன், "ஓட்டம்லாம் இன்னாத்துக்குங்க, வயசாயிடுச்சில்ல" என்று எனக்கே புத்தி சொல்கிறான்.

ஏன் என்னைத் தாண்டவில்லை? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். அதுவரை பிரசவம் பற்றி நான் சொன்னது சொன்னதுதான்.

ராஜாங்கம்

மலையடிவாரம்
24 பிப்ரவரி 2025

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. பூனை, எலி என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். சத்தியமாக அப்படி இல்லை.

எனக்கு அன்று முழங்காலில் வலி. அதனால்தான் தாண்ட முடியவில்லை. துணைக்கு உங்களோடு வந்தால் எனக்கும் தெம்பாக இருக்கும் என்று பின்னாலேயே வந்தேன். வேறு ஒன்றும் இல்லை.

மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறோம். மலையிலிருந்து நல்ல சாமை வந்தது. பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மணிமொழிக்குச் சாமைக் கஞ்சி பிடிக்கும். உங்களுக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

குஞ்சம்மாள் உங்கள் எல்லோரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். வேறு ஒன்றும் எழுதச் சொல்லவில்லை. எழுதவும் வேண்டாம் என்கிறாள்.

அன்புள்ள,
வீரமணி

மணலூர்பேட்டை
3 மார்ச் 2025

சம்பந்திக்கு,

சாமை வந்தது. பொங்கித் தின்றோம். ருசியாகத்தான் இருந்தது. ஆனால் முழங்கால் கதை எனக்குச் செரிக்கவில்லை.

உங்கள் மாப்பிள்ளை கலையரசனைக் கூப்பிட்டு, அன்று நடந்ததை முழுக்கச் சொல்லச் சொன்னேன். ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் கூட்டத்தில் மாட்டிக்கொண்டதாம். அது வரும்வரை காத்திருக்காமல் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் அதை நோக்கி ஓடினீர்களாம். "வீரமணி மாமா ஓடின ஓட்டத்துக்கு நாங்க பின்னாடி போக முடியலப்பா" என்கிறான்.

நான் என்ன பஞ்சு மூட்டையா? நல்ல நாளிலேயே என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொள்ள ஆட்கள் யோசிப்பார்கள். என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய முழங்காலுக்கு வலி என்றால் வலிக்கே மரியாதை இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். இரண்டு வாரமாக மறுபடியும் காலையில் ஆற்றங்கரைக்குப் போகிறேன். ஓட ஆரம்பித்தால் பின்னால் தப் தப் என்று கேட்கிறது. திரும்பினால் யாரும் இல்லை. உடனே வேகம் பிடித்துவிடுகிறேன், மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறேன். ஒரு கிலோமீட்டரைக்கூட நிதானமாக ஓட முடியவில்லை. எட்டு வருடம் எனக்கு இருந்த ஒரே நிம்மதி அது. அதைக் கெடுத்துவிட்டீர்கள்.

உண்மையை எழுதுங்கள்.

ராஜாங்கம்

மலையடிவாரம்
9 மார்ச் 2025

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

குஞ்சம்மாள் வேண்டாம் என்றாள். நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள் என்று பயப்படுகிறாள். ஆனால் உங்கள் காலை நேரத்து நிம்மதியைக் கெடுத்தவன் நான் என்று படித்த பிறகு மறைக்க மனசு வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

அன்று விடியற்காலை நான் ஷூ போட்டுக்கொண்டிருந்தபோது குஞ்சம்மாள் வாசல் வரை வந்தாள். "இன்னாங்க, சம்பந்தியத் தாண்டிக்கினு ஓடிடாதீங்க. நம்ம பொண்ணு அந்த வூட்ல வாழுது" என்றாள். அவள் சொல்லாவிட்டாலும் நான் தாண்டியிருக்க மாட்டேன். கல்யாணப் பந்தியில் நீங்கள் உட்கார்ந்த பிறகு உட்கார்ந்தவன் நான். கோயிலில் நீங்கள் திருநீறு வாங்கிய பிறகு கை நீட்டியவன். பெண்ணைக் கொடுத்தவன், மாப்பிள்ளையின் அப்பாவை நடுரோட்டில் ஊரே பார்க்க முந்திக்கொண்டு போனால் அது நன்றாகவா இருக்கும்?

எனக்கு மட்டும் அது சுலபமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். நம் கால் போகும் வேகத்தில் போகாமல் இன்னொருவர் வேகத்துக்கு அடக்கிப் பிடித்து ஓடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? தொடை இரண்டும் கல்லாகிவிட்டது. நீங்கள் திடீரென்று வேகம் எடுப்பீர்கள். அப்பாடா, இனி ஓடலாம் என்று நான் சந்தோஷப்படுவேன். உடனே மெதுவாகிவிடுவீர்கள். இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று, ஏன் இப்படி இழுத்து இழுத்து ஓடுகிறார் என்று நான் குழம்பிப் போனேன்.

தண்ணீர் மேசையில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் குடிக்காமல் நான் எப்படிக் குடிப்பது? நீங்கள் ஒரு டம்ளர் எடுப்பீர்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எடுக்காமல் ஓடிவிட்டீர்கள். நானும் ஓடி வந்தேன்.

வயதைச் சொன்னதும் வேண்டுமென்று இல்லை. உங்களை ஏற்றாமல் ஆம்புலன்ஸ் பையன் ஏதோ கேள்வி கேட்டுக்கொண்டு நின்றான். வயசானவர் என்று சொன்னால் சட்டென்று கிளம்புவான் என்று சொன்னேன். கிளம்பினான்.

இவ்வளவுதான் உண்மை. இதற்கு மேல் உங்கள் இஷ்டம்.

வீரமணி

மணலூர்பேட்டை
15 மார்ச் 2025

சம்பந்தி,

கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வாய்விட்டுச் சிரித்தது இதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரி தங்கமணி அடுப்பை விட்டு ஓடி வந்து, "இன்னா ஆச்சி, மறுபடியும் மயக்கமா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "ரெண்டு பேரும் தண்ணி குடிக்காம ஓடினீங்களா!" என்று கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

நீங்கள் மரியாதைக்காகப் பின்னால் வந்திருக்கிறீர்கள். நான் அந்த மரியாதைக்குப் பயந்து ஓடியிருக்கிறேன். இப்படி ஒரு கூத்து வேறு எந்த ஜில்லாவிலாவது நடந்திருக்குமா?

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூச்சு வாங்கியபோது நான் நின்றிருக்கலாம், நடந்திருக்கலாம், உங்களைப் போகச் சொல்லியிருக்கலாம். பெண் வீட்டுக்காரருக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டுக்காரன் போவதா என்று எனக்கும் ஒரு வீம்பு.

ஏப்ரல் இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையில் ஒரு ஓட்டம் இருக்கிறது. இதுவும் பத்து கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்றமும் இறக்கமும். டாக்டரைக் கேட்டேன். தண்ணீர் குடித்துக்கொண்டு, மெதுவாக, முடியாவிட்டால் நடந்துகொண்டு போவதென்றால் போகலாம் என்றார். என் பெயரைக் கொடுத்துவிட்டேன். உங்கள் பெயரையும் கொடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் என்ற முறையில் இது உத்தரவு. விசில் ஊதியதும் என்னைத் தாண்டிப் போக வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. உங்கள் காலடிச் சத்தம் என் காதில் விழக் கூடாது.

பிரசவ விஷயத்தை ஓட்டம் முடிந்த பிறகு பார்ப்போம். சொன்ன சொல்லைச் சட்டென்று மாற்றி எனக்குப் பழக்கம் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

ராஜாங்கம்

மலையடிவாரம்
22 ஏப்ரல் 2025

சம்பந்தி அவர்களுக்கு,

முந்தாநாள் ஓட்டத்தில் உங்களைத் தாண்டக் கால் தயாராகத்தான் இருந்தது, மனசு தயாராகத்தான் நேரமானது. விசில் ஊதிய பிறகும் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். "மன்னிச்சிக்கங்க சம்பந்தி" என்று சொல்லிக்கொண்டு உங்கள் பக்கத்தில் வந்தேன். நீங்கள் திரும்பாமலே, "யோவ், போய்க்கினே இருய்யா" என்றீர்கள்.

கல்யாணம் முடிந்து இரண்டு வருடத்தில் நீங்கள் என்னை 'ங்க' போடாமல் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்த ஏற்றத்தை நான் எப்படி ஏறினேன் என்றே தெரியவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண்ணைக் கொடுத்த நாளிலிருந்து உங்களைக் கண்டால் எனக்குப் பயம். நீங்கள் கெட்டவர் என்று இல்லை. நான் ஒரு வார்த்தை தப்பாகப் பேசிவிட்டால் அது மணிமொழி தலையில் விடியுமோ என்ற பயம். ஓடி முடித்துவிட்டுப் பந்தலில் நின்றேன். பையன்கள் வந்தார்கள், பெண்கள் வந்தார்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டுகூட ஒருவர் வந்தார். உங்களைக் காணோம். மைக் செட்டை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போதும் பயம் வந்தது, வளைவு வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் அது பழைய பயம் இல்லை. கூடப் பிறந்தவன் வரவில்லையே என்று வரும் கவலை அது.

பிறகு நீங்கள் வந்தீர்கள். கையில் பலாச்சுளையை வைத்துக்கொண்டு, யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டு, கோடு எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் தாண்டி வந்தீர்கள். உங்கள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. பிரசவப் பேச்சை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் குஞ்சம்மாள், "பேசினீங்களா?" என்றாள். இல்லை என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அதனால் இப்போது கேட்கிறேன். நீங்கள் எப்போது சொல்வீர்கள் என்று காத்திராமல் நானாகக் கேட்பது இதுதான் முதல் தடவை. என் மகளை என் வீட்டுக்கு அனுப்புங்கள். அவளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள எங்களுக்கு ஆசையாக இருக்கிறது.

உங்கள்,
வீரமணி

மணலூர்பேட்டை
26 ஏப்ரல் 2025

வீரமணி,

இனி உங்களைப் பெயர் சொல்லித்தான் எழுதப் போகிறேன். வயதில் பெரியவன், அந்த உரிமை உண்டு.

அன்று நீங்கள் வளைவில் மறைந்ததும் எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா? பின்னால் யாரும் இல்லை, முன்னாலும் தெரிந்தவர் யாரும் இல்லை. ரோட்டில் என் மூச்சுச் சத்தம் மட்டும். தோளில் வைத்திருந்த மூட்டையை இறக்கியது போல இருந்தது. ஏற்றத்தில் நடந்தேன். வெட்கமாக இல்லை. இறக்கத்தில் ஓடினேன். தண்ணீர் வைத்திருந்த இடத்திலெல்லாம் நின்று குடித்தேன். ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மா பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே ஓடினேன். "இன்னா பெரியவரே, பாத்துக்கினே போறீங்க, ரெண்டு சுளை துன்னுட்டுப் போங்க" என்றார். நின்று தின்றேன். கடைசிக்கு முந்தின ஆளாகத்தான் வந்தேன் என்று நினைக்கிறேன். எனக்குப் பின்னால் வந்தவர் எல்லைக்கோட்டில் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார். எட்டு வருடத்தில் இவ்வளவு நன்றாக நான் ஓடியதே இல்லை.

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. சாப்பிட உட்காரும் நேரம். கூடத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து படித்தேன். பயம் என்று எழுதியிருந்த இடத்தை மறுபடியும் படித்தேன். நான் யாரையும் மிரட்டியதில்லையே, என்னைக் கண்டு என்ன பயம் என்று முதலில் கோபம்தான் வந்தது.

தலையை நிமிர்த்திப் பார்த்தால் அடுப்படி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மணிமொழி நிற்கிறாள். எனக்குத் தட்டு வைத்து, தண்ணீர் வைத்து, நான் வருவேன் என்று நின்றுகொண்டிருக்கிறாள். ஏழாம் மாதம். "நீ சாப்ட்டியாம்மா?" என்றேன். "நீங்க சாப்டுங்க மாமா, அப்புறம் சாப்டறேன்" என்றாள். தினமும் அப்படித்தான் என்று தங்கமணி உள்ளே இருந்து சொல்கிறாள். நான் கழனியிலிருந்து எத்தனை மணிக்கு வந்தாலும் அப்படித்தானாம். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, வீரமணி. பிரசவம் எங்கே என்று நானும் நீங்களும் மூன்று மாதமாகச் சண்டை போட்டோம். பெறப் போகிறவளை ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்களா என்று எனக்குத் தெரியாது.

"பிரசவத்துக்கு எங்கம்மா இருக்கணும்னு உனக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"எங்கம்மா வூட்ல, மாமா" என்றாள்.

என்னைக் கேட்டு முடிக்கவே விடவில்லை. சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கும்தான். இத்தனை நாளாக அந்தப் பதிலை நுனி நாக்கிலேயே வைத்துக்கொண்டு இந்த வீட்டில் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

வளைகாப்பு மே ஒன்பது, வெள்ளிக்கிழமை. முடிந்ததும் நீங்களும் தங்கச்சி குஞ்சம்மாளும் கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். இது யாருடைய உத்தரவும் இல்லை. அவள் ஆசை.

அவள் அப்படிச் சொன்ன பிறகு, "முதல்ல நீ உக்காரும்மா" என்றேன். தயங்கினாள். தங்கமணி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் எங்களைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். நேற்று இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ராஜாங்கம்